ஸ்டெப்னி இருக்கா?

ஃப்ரெண்ட்ஸ், அரியர் கவலையை எல்லாம் ஒரு ஓரமா வெச்சுட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க. படிச்சு முடிச்சு, நல்லா சம்பாதிச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு. இப்போ உங்ககிட்ட ஒரு பெரிய வேன் இருக்கு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, துணி காயப்போட ஒரு கொடி, குழந்தைங்களுக்கு ஒரு ஜன்னல் சீட். வாடகை இல்லை, ஹவுஸ் ஓனர் இல்லை. காலையில் கடல், மறுநாள் மலை. குழந்தைங்களோடு ஊர் ஊராப் போய்க்கிட்டே இருக்கிற வாழ்க்கை. எப்படி இருக்கும்?

செமையா இருக்கும் இல்ல!

இப்படி வாழ்ந்து காட்டினவங்க நிஜமாவே இருக்காங்க. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹெர்மன் சாப், கான்டெலாரியா சாப்னு ஒரு தம்பதி. 2000 ஜனவரியில், 1928-ம் வருஷத்து கிரஹாம்-பேஜ் கார் ஒண்ணுல கிளம்பினாங்க. அலாஸ்கா வரைக்கும் ஒரு ஆறு மாசம் போயிட்டு வரலாம்ங்கிறதுதான் பிளான். ஆனா வீடு திரும்பினது 2022 மார்ச்சில்! 22 வருஷம், 100 நாடுகளுக்கு மேல. வழியிலேயே நாலு குழந்தைங்க பிறந்தாங்க. குடும்பம் பெருசாக ஆக காரையும் வெட்டி நீளமாக்கிக்கிட்டாங்க. பிள்ளைங்க தொலைதூரக் கல்வியில் படிச்சாங்க, அம்மாதான் டீச்சர். போற இடத்துல புத்தகம் வித்து பெட்ரோல் போட்டாங்க. உலகமே அவங்களைக் கொண்டாடுச்சு. கொண்டாட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை.

இப்ப கண்ணைத் திறங்க. அர்ஜென்டினா வரைக்கும் போக வேண்டாம். நம்ம தர்மபுரி பைபாஸ் வரைக்கும் வாங்க, அது போதும்.

குட்டியானைக்குள் ஒரு குடும்பம்

பெங்களூரு - சேலம் ரோட்டில் பஸ்ஸில் போறவங்க இவங்களைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா நீலக் கலர் தார்ப்பாய். பக்கத்துல ஒரு குட்டியானை வண்டி. மண்ணில் பதிச்ச இரும்புக் கட்டை மேல, நெருப்பாப் பழுத்த இரும்பை ஒருத்தர் இடுக்கியால் பிடிச்சிருக்க, எதிரில் நின்னு ஒரு பெண் சம்மட்டியைத் தலைக்கு மேல தூக்கி அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. முன்னாடி விரிச்ச சாக்கில் அரிவாள், கொடுவாள், கோடாலி, களைக்கொத்து எல்லாம் வரிசையா இருக்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் அரிவாளா மாறுது.

போன வருஷம் அதியமான்கோட்டைக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு குடும்பம் வந்து தங்கினாங்க. மத்தியப் பிரதேசத்துக்காரங்க. நான் காலேஜுக்குப் போற வழி. எங்க தோட்டத்துக்கு ஒரு களைக்கொத்து வாங்கப் போய்தான் பழக்கமாச்சு. அவங்களுக்கு வியாபாரத் தமிழ் தெரியும். எனக்கு அரைகுறை இந்தி தெரியும். அது எப்படித் தெரியும்ங்கிறதைப் பின்னாடி சொல்றேன்.

அந்த வண்டியை நீங்க உள்ளே பார்க்கணும். மேல் தட்டில் படுக்கை மூட்டை, கீழே கரி மூட்டை. ஓரத்துல ஒரு டிரங்குப் பெட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு சாமி படம், ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு. சமையல் வெளியில. குளியல் பக்கத்துப் பம்பு செட்டில், அதுவும் தோட்டக்காரர் மனசு வெச்சால். மழை வந்தா அஞ்சு பேரும் வண்டிக்குள்ள. அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க. ஜன்னல் சீட் மட்டும் கிடையாது!

"ஏன் அண்ணா, ஒரே ஊர்ல நிரந்தரமா இருக்கக் கூடாதா?"னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு அரிவாளை என் கையில் கொடுத்தார். "இதை வாங்கினா நீ மறுபடி எப்போ வருவே?"

யோசிச்சுப் பாருங்க. நல்ல அரிவாள் ஒண்ணு வருஷக்கணக்கா உழைக்கும். தரமா அடிச்சுக் கொடுத்தா வாங்கினவர் திரும்ப வர மாட்டார். ஒரு ஊரில் வேண்டியவங்க எல்லாம் வாங்கி முடிக்க மூணு, நாலு வாரம். அப்புறம் வண்டியைக் கிளப்பணும். அவங்க ஓட்டத்துக்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை, அந்த இரும்போட ஆயுசு!

மூணு பிள்ளைங்கள்ல மூத்தவளுக்கு ஒன்பது வயசு இருக்கும். காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்றுவது அவ வேலை. இரும்பு எந்த நிறத்துக்கு வந்தா அடிக்கலாம்னு தூரத்தில் இருந்தே சொல்லிடுவா. வியாபாரத்தில் படு கெட்டி. முந்நூற்றைம்பது ரூபாய் அரிவாளுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினா, நாம யோசிக்கிறதுக்குள்ள நூற்றைம்பது கைக்கு வந்துடும்.

ஒரு நாள் விளையாட்டா என் நோட்டைக் கொடுத்து, "முந்நூற்றைம்பதுன்னு எழுது"ன்னேன்.

பேனாவைப் பிடிச்சா. என்னைப் பார்த்தா. அப்புறம் ஒரு அரிவாள் படம் வரைஞ்சு கொடுத்தா.

ஔவையாருக்குத் தெரிஞ்ச வண்டி

இந்த மாதிரி குடும்பங்களைப் பார்த்தா நம்ம ஊரில் உடனே ரெண்டு பேச்சு வரும். "பாவம்"ங்கிறது ஒண்ணு. "ஜாக்கிரதை, பொருளை எல்லாம் உள்ளே எடுத்து வை"ங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது பேச்சுக்கு ஒரு வரலாறே இருக்கு. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடியினர் சட்டம்னு ஒண்ணு போட்டான். ஊர் ஊராத் திரிஞ்சு பிழைச்ச பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள்னு பட்டியல் போட்டு, போலீஸ் கண்காணிப்பில் வெச்சான். அந்தச் சட்டம் 1952-ல் ஒழிஞ்சுது. ஆனா 'திரியறவன் திருடன்'ங்கிற நினைப்பு மட்டும் ஒழிஞ்ச பாடில்லை.

அதுக்கு முன்னாடி நாம இப்படி இல்லை பாஸ். சங்க இலக்கியத்தில் உமணர்னு ஒரு கூட்டம் வரும். கடற்கரை உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி, பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்நாட்டுக்கு வந்து வித்தவங்க. சிறுபாணாற்றுப்படையில் ஒரு அழகான காட்சி இருக்கு. உப்பு வண்டிகளோட கூடவே ஒரு பெண் குரங்கும் வருது, அவங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அது கிலுகிலுப்பை ஆடுது! வண்டியிலேயே குடும்பம், குழந்தைங்க, கூட ஒரு செல்லப் பிராணி. இன்னைக்கு ரீல்ஸில் லட்சம் லைக் வாங்குற அதே வாழ்க்கைதான்.

நம்ம தகடூர் அதியமானின் அவைக்கு வந்த ஔவையாரும் உமணர் வண்டியைப் பார்த்து அசந்து போயிருக்கார். புறநானூறு 102-ம் பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்ந்து பாடுறார். சிங்கம், புலின்னு சொல்லாம வேற ஒரு உவமை சொல்றார். மாடுங்க இளசு, பாரமோ அதிகம், வழியில் பள்ளமோ மேடோ யாருக்குத் தெரியும்? அதனால உமணர்கள் வண்டிக்கு அடியில் உபரியா ஒரு அச்சைக் கட்டி வெச்சிருப்பாங்க. இளவரசனே, நீ அந்த அச்சு மாதிரின்னு பாடுறார்!

புரியுதா? இளவரசனுக்கு ஔவையார் கொடுத்த பட்டம் 'ஸ்டெப்னி'! தொப்பூர் கணவாயில் லாரி இறங்குறதைப் பார்த்தவங்களுக்கு, அது எவ்வளவு பெரிய பாராட்டுன்னு விளக்கவே வேண்டாம்.

அர்ஜென்டினாக் குடும்பத்துக்கும் நம்ம பைபாஸ் குடும்பத்துக்கும் வித்தியாசம் வண்டியில் இல்லை ஃப்ரெண்ட்ஸ். அதுவும் ஓட்டை வண்டிதான், இதுவும் ஓட்டை வண்டிதான். வித்தியாசம் ஸ்டெப்னியில்தான் இருக்கு. அங்கே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரப் படிச்ச அம்மா இருக்காங்க, பாஸ்போர்ட் இருக்கு. ஒரு பாதை அடைபட்டா இன்னொரு பாதை உண்டு. இங்கே அச்சு முறிஞ்சா அவ்வளவுதான்.

பெயின்ட் வாசனை

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு ஆவேசமாச் சொல்றேன்னு கேட்கறீங்களா? ஏன்னா, நான் மூணாம் வகுப்பு படிச்சதே இல்லை.

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். மழை பொய்ச்சா நம்ம மாவட்டத்துக்காரங்க எங்கே போவாங்கன்னு உங்களுக்கே தெரியும். பெங்களூரு! அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். 2013-ல் நான் ரெண்டாவது முடிச்சதும் என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. கட்டடம் கட்டுற இடத்திலேயே தகர ஷெட். வெயில் அடிச்சா அடுப்பு, பனி பெய்ஞ்சா ஃப்ரிட்ஜ். எங்க வீட்டுக்குச் சக்கரம் இல்லை, ஆனா அதுவும் நகரும். ஒரு அடுக்குமாடி முடிஞ்சா ஷெட்டைப் பிரிச்சு அடுத்த சைட்டுக்குப் போகணும். தரை வழவழன்னு ஆகி, சுவரில் பெயின்ட் வாசனை வந்துட்டா மூட்டை கட்டணும்னு அர்த்தம். இன்னைக்கும் புது பெயின்ட் வாசனை வந்தா எனக்கு வயிற்றைப் பிசையும். பீகார்க்காரப் பசங்களோடு மணல் மேட்டில் விளையாடிக் கத்துக்கிட்டதுதான் என் அரைகுறை இந்தி.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடுச்சு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டப்போ டி.சி. இல்லாம முடியாதுன்னுட்டாங்க. கடைசியில் தீபாவளிக்கு ஊருக்கு வந்த அம்மா, என்னை ஆயாகிட்ட விட்டுட்டாங்க. ஆயா என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. வருஷத்தில் பாதி முடிஞ்சிருச்சு. கையில் ஒரு காகிதமும் இல்லை.

தலைமை ஆசிரியர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "வயசு என்ன?"

"ஒன்பது சார்."

"அப்ப நாலாவதுல போய் உட்காரு."

அவ்வளவுதான்! சாயங்காலம் ஒரு டீச்சர் தனியா உட்கார வெச்சு, விட்டுப்போன வாய்ப்பாட்டையும் வாசிப்பையும் சொல்லிக் கொடுத்தாங்க. முதல் மூணு மாசம் கரும்பலகையில் இருப்பது எறும்பு ஊர்ற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் எறும்பெல்லாம் எழுத்தாச்சு. இன்னைக்கு பி.ஏ. கடைசி வருஷம். அந்த சார் எங்க ஆயா முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இடம் கொடுத்தார்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பரிதாபம் இல்லை, சட்டம்!

காலேஜ் வந்த பிறகுதான் தெரிஞ்சுது, அவர் செஞ்சது சட்டப்படி என்னோட உரிமைன்னு. கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 6 வயசில் இருந்து 14 வயசு வரை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் பண்ற நண்பர்களே, இந்த நாலு பிரிவையும் சேர்த்துப் படிச்சுக்கங்க. பரீட்சையில் வராட்டியும் ரோட்டில் வரும்!

பிரிவு 4: பள்ளிக்கே போகாத பிள்ளையையும், பாதியில் நின்ன பிள்ளையையும், அதன் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும். மற்றவங்களை எட்டிப்பிடிக்க சிறப்புப் பயிற்சி கொடுக்கணும். 14 வயசு தாண்டினாலும் எட்டாவது முடிக்கும் வரை இலவசமாப் படிக்கலாம்.

பிரிவு 5: ஊர் மாறினாலும், மாநிலமே மாறினாலும் வேறு பள்ளிக்குப் போகலாம். கேட்டவுடனே டி.சி. கொடுக்கணும். அது வரத் தாமதமாச்சுங்கிறதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி இடம் மறுக்கக் கூடாது.

பிரிவு 14: வயசுச் சான்று இல்லைன்னு சொல்லி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது.

பிரிவு 15: சேர்க்கை முடிஞ்சுபோச்சுன்னு சொல்லவும் கூடாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்கணும்.

இந்த நாலையும் ஒண்ணாச் சேர்த்துப் பாருங்க. ஓடிக்கிட்டே இருக்கிற பிள்ளைங்களுக்காகவே வண்டிக்கு அடியில் கட்டி வெச்ச அச்சு மாதிரி இல்லை? ஆனா ஒரு சிக்கல். ஸ்டெப்னி இருந்தா மட்டும் போதாது. அது இருக்குன்னு வண்டிக்காரருக்குத் தெரியணும். எடுத்து மாட்ட ரெண்டு கை வேணும்.

பத்தொன்பது நாள்

நானும் என் கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேரும் அந்தக் குடும்பத்துகிட்ட பேசினோம். அப்பாவுக்குச் சம்மதம். அம்மாதான் தயங்கினாங்க. "இருக்கப்போறது இன்னும் கொஞ்ச நாள். அதுக்குள்ள என்ன வந்துடப் போகுது? சக்கரத்தை யார் சுத்துவா?" அவங்க கேட்டதில் நியாயம் இருக்கு. கையிலே காசு இருக்கிறவங்க சொல்ற அட்வைஸ் அவங்களுக்குச் சோறு போடாது. "மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே உண்டு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் காலைச் சாப்பாடும் உண்டு"ன்னு சொன்னதும்தான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க.

பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு கேள்வி கூட அதிகமாக் கேட்கலை. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கிட்டாங்க. ஒன்பது வயசுக்காரி நாலாம் வகுப்பில், ஏழு வயசுத் தம்பி ரெண்டாம் வகுப்பில். தமிழ் தெரியாதே, எப்படி உட்காருவாங்கன்னு நாங்கதான் பயந்தோம். பிள்ளைங்க பயப்படலை. முதல் நாள் இன்டர்வெல்லுக்குள்ளேயே அவளுக்கு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்! காலையில் சமையல் வேலை, சாயங்காலம் சக்கரம், நடுவில் பள்ளிக்கூடம். சாயங்காலம் நாங்க மாறி மாறிப் போய் எண் சொல்லிக் கொடுத்தோம். அவளுக்குக் கணக்கு சொல்லித் தரவே வேண்டியதில்லை. மனசில் இருக்கிற கணக்கைப் பேப்பருக்கு எப்படிக் கொண்டுவரதுன்னு காட்டினா போதும். ரெண்டாவது வாரம், சாக்கில் இருந்த ஒவ்வொரு அரிவாள் பக்கத்திலும் ஒரு அட்டைத் துண்டு. அதில் கோணல் மாணலா விலை. எல்லாம் அவ கையெழுத்து!

பத்தொன்பது நாள்தான். வியாபாரம் குறைஞ்சுது. நாமக்கல் பக்கம் கிளம்பினாங்க. கிளம்புற அன்னைக்கே தலைமை ஆசிரியை ரெண்டு பிள்ளைக்கும் டி.சி. எழுதிக் கொடுத்தாங்க. அப்பா அதை ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் வெச்சிருக்கிற பிளாஸ்டிக் கவரில் பத்திரமா வெச்சார். வண்டி ஓட எதெல்லாம் அவசியமோ, அதோட அதுவும் சேர்ந்துடுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு போன் வந்தது. அங்கே ஒரு பள்ளியில் காகிதத்தைக் காட்டினாராம், உட்கார வெச்சுட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒரு தடவை நான் கூப்பிட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வந்தது. அந்தப் பொண்ணு இப்போ எந்த ஊரில், எந்த வகுப்பில் இருக்கான்னு எனக்குத் தெரியாது. உட்கார்ந்திருக்காளா, சக்கரம் சுத்துறாளான்னும் தெரியாது.

அதனாலதான் இதை உங்களுக்கு எழுதறேன். எங்க ஊரில் நாங்க மூணு பேர் இருந்தோம். அடுத்த ஊரில் யார் இருக்கீங்க?

நம்ம வழியா ஓடுற இந்த என்.எச்.44 ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரை போகுது. 3,700 கிலோமீட்டருக்கு மேல. அவங்க மத்தியப் பிரதேசம் வழியா வரதும் இதே ரோடுதான். இதன் ஓரமா எத்தனை காலேஜ், எத்தனை ஆயிரம் ஸ்டூடன்ட்ஸ்! எல்லாரும் பஸ் ஜன்னல் வழியா அந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கிட்டுத்தான் போறோம்.

உங்க ஊருக்கும் ஒரு வண்டி வரும். இரும்படிக்கிறவங்களா இருக்கலாம், கரும்பு வெட்ட வந்தவங்களா இருக்கலாம், கட்டட வேலைக்கு வந்தவங்களா இருக்கலாம். போய்ப் பேசுங்க. பிள்ளைங்களை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடாதீங்க, ப்ளீஸ். வயசைக் கேளுங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூடவே நடந்து போங்க. இடம் இல்லைன்னு சொன்னா சண்டை வேண்டாம், அந்த நாலு பிரிவை மரியாதையாச் சொல்லுங்க. அதுவும் நடக்கலைன்னா வட்டார வள மையத்துக்குப் போங்க, பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க. அவங்க கிளம்பும்போது மறக்காம டி.சி. வாங்கிக் கொடுங்க. ஒரு என்.எஸ்.எஸ். கேம்ப்பில் மரம் நடுற நேரம்தான் இதுக்கும் ஆகும்.

இளவரசனா இருந்தும் ஸ்டெப்னின்னு பேர் வாங்கினான் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன். நாம யாரும் இளவரசன் இல்லை. ஸ்டெப்னியா இருக்க அது தேவையும் இல்லை. வண்டி நம்ம ஊரைக் கடக்கிற அந்த மூணு வாரம், அடியில் இறுக்கமாக் கட்டின மாதிரி கூடவே இருந்தாப் போதும்.

என்ன, ரெடியா?